மறுமணத்துக்குப் பிறகு மகளின் இன்சூரன்ஸ் பிரீமியம்: முன்னாள் கணவர் பங்கு தர வேண்டுமா? (டெக்சாஸ்)

காவிரி_ஃப்ரிஸ்கோ:

வணக்கம். டெக்சாஸில் விவாகரத்தாகி மறுமணம் செய்தவர்கள், இல்லை ஃபேமிலி கோர்ட் நடைமுறை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2021-ல் விவாகரத்து. ஒரே மகள், ஒன்பது வயது, என்னோடு இருக்கிறாள். அவளுடைய அப்பா மாதம் 1,840 டாலர் சைல்டு சப்போர்ட் (பிள்ளைப் பராமரிப்புத் தொகை) தருகிறார். அது அவர் சம்பளத்திலேயே பிடித்து வந்துவிடும். அதுபோக, மகளுக்கு என் கம்பெனி வழியாக நான் மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், அந்தச் செலவை அவர் தர வேண்டும் என்று உத்தரவு. எனக்கு மட்டும் என்றால் பிரீமியம் 130, மகளையும் சேர்த்தால் 340. ஆக 210. "இதை மட்டும் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம், நானே அனுப்புகிறேன்" என்றார். சரி என்று விட்டேன். மாதாமாதம் ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் சேவை) வந்துகொண்டிருந்தது.

போன வருடம் மறுமணம் செய்துகொண்டேன். கணவருக்கு முதல் மணத்தில் ஒரு மகன், அவனும் எங்களோடுதான். கணவருடைய கம்பெனி பிளான் என்னுடையதைவிட நல்லது. மகளின் ஆஸ்துமா டாக்டரும் அந்தப் பிளானின் டாக்டர் பட்டியலில் (நெட்வொர்க்கில்) இருக்கிறார். அதனால் என் பிளானை விட்டுவிட்டு நால்வரும் அவருடைய ஃபேமிலி பிளானுக்கு மாறினோம். மாதம் 640 அவர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் 210 நின்றுவிட்டது. மகளின் அப்பா எழுதியது இது: "உன் கணவர் எப்படியும் ஃபேமிலி பிளான்தான் எடுத்திருப்பார். இவளைச் சேர்த்ததால் ஒரு டாலர்கூட ஏறவில்லை. ஏறாத செலவுக்கு நான் எதற்குத் தர வேண்டும்?"

படித்தால் நியாயம்போலவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. ஊரில் அம்மாவோ, "நீ இன்னொரு கல்யாணம் செய்தபிறகு அவரிடம் எதையும் கேட்கக் கூடாது" என்கிறார். உண்மையில் சட்டம் என்ன சொல்கிறது?

சும்மா_வந்தவன்:

மாதம் 210 டாலருக்கா இவ்வளவு? வக்கீலிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கே அதைவிட அதிகம் கேட்பார். புதுக் கணவர் கட்டுகிறார், பிள்ளைக்கு டாக்டர் கிடைக்கிறார். விட்டுத் தொலையுங்கள்.

கோப்புக்கட்டு:

ஹூஸ்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக (வக்கீலின் சட்ட உதவியாளராக) இருக்கிறேன். வக்கீல் இல்லை, எனவே இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அம்மா சொன்னது. டெக்சாஸில் மறுமணத்தோடு நிற்பது மனைவிக்கான ஜீவனாம்சம். ஃபேமிலி கோட் (மாநிலக் குடும்பச் சட்டத் தொகுப்பு) 8.056 அதைத்தான் சொல்கிறது. பிள்ளைக்கான பணத்துக்கும் உங்கள் தாலிக்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: 154.069, 156.404 இரண்டு பிரிவுகளின்படியும் புதுக் கணவரின் வருமானத்தை உங்கள் கணக்கில் கூட்டக் கூடாது. மகளின் அப்பா மறுமணம் செய்தாலும் அதே விதி. புது மனைவிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் ஆகும் செலவை அவர் தன் கணக்கில் கழிக்கவும் முடியாது. ஆனால் அவருக்கே இன்னொரு குழந்தை பிறந்தால் கதை வேறு. அவருடைய நிகர வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 20 சதவீதம் என்பது 17.5 சதவீதமாக இறங்கும்.

இரண்டாவது, உத்தரவு உத்தரவுதான். நீதிபதி மாற்றும்வரை அதில் உள்ள தொகை மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும். 1986-ல் வந்த பிராட்லி திருத்தம் என்ற மத்தியச் சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்காவில் எந்த மாநில நீதிமன்றமும் ஏறிவிட்ட பாக்கியைப் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மாற்றக் கேட்டு மனுப் போட்டு, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போன நாளுக்கு முன்னால் உள்ளது அப்படியே நிற்கும். டெக்சாஸில் பாக்கிக்கு வருடம் 6 சதவீத வட்டியும் உண்டு. "எனக்கு நியாயமாகப் படவில்லை" என்று ஈமெயில் போட்டுவிட்டு நிறுத்துவதற்கு வழியே இல்லை.

மூன்றாவது, அந்த ஜெல் ஏற்பாடு. பல டெக்சாஸ் உத்தரவுகளில், அரசின் பட்டுவாடா அலுவலகம் வழியாக வராத பணம் கணக்கில் சேராது என்று ஒரு வரி இருக்கும். அப்படியானால் இத்தனை நாள் அவர் நேரடியாக அனுப்பியதற்கே அவரிடம் உருப்படியான ரசீது இல்லை. உங்களுக்கும் சிக்கல்தான், ஏனென்றால் எது எப்போது நின்றது என்பதற்கு அரசுப் பதிவு கிடையாது. வங்கி ஸ்டேட்மெண்டை எல்லாம் இறக்கி வையுங்கள்.

பிளான் மாறியதை அவருக்கு எழுத்தில் சொன்னீர்களா? இங்கே வழக்கமாக 15 நாள் என்று உத்தரவில் இருக்கும்.

காவிரி_ஃப்ரிஸ்கோ:

புது இன்சூரன்ஸ் கார்டின் நகலை அந்த வாரமே ஈமெயிலில் அனுப்பினேன். அதைப் பார்த்துத்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

அந்த "ஒரு டாலர்கூட ஏறவில்லை" என்ற வாதம்? அது எடுபடுமா?

கோப்புக்கட்டு:

எடுபடுமா என்பதைவிட, எந்தக் கணக்கைப் போடுவது என்பதுதான் கேள்வி. கணவரின் எச்ஆரிடம் பிரீமியம் பட்டியல் வாங்க முடியுமா? ஊழியர் மட்டும், ஊழியரும் துணையும், ஊழியரும் பிள்ளைகளும், முழுக் குடும்பம், இப்படி நாலு படி இருக்கும். நாலும் வேண்டும்.

காவிரி_ஃப்ரிஸ்கோ:

கணவர் இப்போதே போர்ட்டலில் பார்த்துச் சொன்னார். ஊழியர் மட்டும் 150. துணையோடு 390. பிள்ளைகளோடு 330. குடும்பம் 640. பிள்ளை ஒன்றோ ஐந்தோ, குடும்பம் என்றால் 640-தான்.

கோப்புக்கட்டு:

சரி, இப்போது வேடிக்கையைப் பாருங்கள். மகளின் அப்பா சொல்வது கூடுதல் செலவுக் கணக்கு. கணவர், நீங்கள், அவர் மகன் மூவருக்கே 640 ஆகிவிடும், நாலாவதாக மகளைச் சேர்த்தால் பூஜ்யம். தலைக்கணக்கு போட்டால் 640-ஐ நாலால் வகுத்து 160. துணையோடு உள்ள 390-ஐக் கழித்தால் பிள்ளைகள் இருவருக்கும் 250, ஒருவருக்கு 125. ஒரே பிள்ளை, ஒரே பிளான், மூன்று விடை.

டெக்சாஸ் சட்டம் 154.182-ல் தன் கணக்கைத் தானே சொல்லியிருக்கிறது. பணம் வாங்கும் பெற்றோர் இன்சூரன்ஸ் எடுத்தால், பணம் தருகிறவர் உண்மையான செலவைக் கூடுதல் சைல்டு சப்போர்ட்டாகத் தர வேண்டும். அந்த உண்மையான செலவைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. அந்தப் பிளானில் வேறு சிறுவயதுச் சார்ந்தவர்கள் இல்லையென்றால் பிள்ளை இல்லாத விலையை, பிள்ளையோடு உள்ள விலையிலிருந்து கழிப்பது. உங்கள் பழைய 210 அப்படி வந்ததுதான். வேறு சிறுவயதினர் இருந்தால், மொத்தச் செலவை அந்தச் சிறுவயதினரின் எண்ணிக்கையால் வகுப்பது. கவனியுங்கள், பெரியவர்களை எண்ணுவதில்லை. எழுத்துக்கு எழுத்து படித்தால் 640-ஐ இரண்டால் வகுக்க வேண்டும், 320.

ஆக அவர் பூஜ்யம் என்கிறார். சட்டத்தின் வரியோ, பழைய 210-ஐவிட 110 அதிகமாகக் காட்டுகிறது.

கேரிவாசி:

இதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் நார்த் கரோலினாவில், கேரியில் இருக்கிறேன். நான் பணம் தருகிற பக்கம். டெக்சாஸ் கணக்கு எனக்கு அநியாயமாகப் படுகிறது. 320 என்றால் அந்த மனிதர் தன் மகளுக்கு மட்டுமா கட்டுகிறார்? காவிரியின் பல் டாக்டருக்கும், அவர் கணவரின் ரத்த அழுத்த மாத்திரைக்கும் சேர்த்துப் பாதி கட்டுகிறார். தன் மனைவியாக இருந்தவரை மணந்தவருக்கு இன்சூரன்ஸ் கட்டச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

எங்கள் மாநிலத்தில் பெற்றோர் இருவரின் வருமானத்தையும் கூட்டிப் பங்கு போடுவார்கள். பிரீமியத்தில் அந்தப் பிள்ளைக்கு உரிய பகுதி மட்டும்தான் கணக்கில் ஏறும். அதைப் பிரித்துக் காட்ட முடியாவிட்டால் மொத்தத்தை, பிளானில் உள்ள எல்லாத் தலைகளாலும் வகுப்பார்கள். என் பிளான் 720 டாலர். நான், இப்போதைய மனைவி, கைக்குழந்தை, முதல் மணத்துப் பெண்கள் இருவர், மொத்தம் ஐந்து பேர். தலைக்கு 144, பெண்கள் இருவருக்கும் 288. என் வருமானப் பங்கு 60 சதவீதம், அவர்கள் அம்மாவுடையது 40. ஆக 288-ல் அவர் பங்கு 115 டாலர் 20 சென்ட். பிரீமியத்தை நான் கட்டுவதால் அந்தத் தொகை என் சைல்டு சப்போர்ட்டில் குறைகிறது.

முதலில் என் கைக்குழந்தை பிறந்ததும் எதிர்ப்பக்க வக்கீலும் இதே 'பூஜ்யம்' வாதத்தைத்தான் வைத்தார். "உங்களுக்கு எப்படியும் ஃபேமிலி பிளான் தேவை, எனவே பெண்களுக்கான செலவு பூஜ்யம், கழிவும் பூஜ்யம்" என்று. காவிரிக்கு எதிராக அப்பா சொல்வதை எனக்கு எதிராக அம்மா சொன்னார், அவ்வளவுதான்.

சும்மா_வந்தவன்:

அப்படியென்றால் பூஜ்யம் என்பது யார் கட்டுகிறாரோ அவருக்கு எதிரில் இருப்பவர் சொல்வது. ஆணா பெண்ணா என்பது இல்லை.

கேரிவாசி:

ஆமாம். காவிரிக்குத் தேவையான இன்னொன்றும் எங்கள் வழிகாட்டியில் இருக்கிறது. பெற்றோரோ, பெற்றோரின் துணைவரோ கட்டும் பிரீமியம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். மாற்றாந்தகப்பன் சம்பளத்தில் பிடித்தாலும் கணக்கில் வரும். கம்பெனியே முழுவதும் கட்டி, சம்பளத்தில் ஒன்றும் பிடிக்கவில்லையென்றால் வராது.

காவிரி_ஃப்ரிஸ்கோ:

டெக்சாஸில் அந்த வரி இருக்கிறதா? கட்டுவது நான் இல்லை, கணவர்தானே.

கோப்புக்கட்டு:

அங்கேதான் சண்டை வரும். 154.182 பணம் வாங்கும் பெற்றோருக்கு ஆகும் செலவு என்கிறது. எதிர்ப்பக்கம், "செலவு அவளுக்கு இல்லை, அவள் கணவனுக்கு" என்று நிற்கும். உங்கள் பக்கம் சொல்லக்கூடியது, டெக்சாஸ் சமுதாயச் சொத்து மாநிலம், மண வாழ்க்கையில் கணவர் வாங்கும் சம்பளம் இருவருக்கும் பொது, அதில் போகும் 640-ல் உங்கள் பணமும் இருக்கிறது என்பது. இது வாதம், தீர்ப்பு இல்லை. அதேபோல் கணவரின் மகன் உங்களுக்குச் 'சார்ந்த சிறுவன்' ஆவானா என்பதிலும் அவர்கள் கையை வைப்பார்கள். ஆகாது என்று ஆகிவிட்டால் பழையபடி கழித்தல் கணக்கு, அதைத் துருப்பாக வைத்துப் பூஜ்யத்தைக் கொண்டுவருவார்கள்.

பெற்றோர் ஒருவரின் வேலை வழியாகக் கிடைக்கும் இன்சூரன்ஸுக்குத்தான் நீதிமன்றம் முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. உங்கள் கம்பெனி பிளான் இன்னும் கிடைக்கிறது என்றால், "அதையே எடுக்கட்டும், 210 தருகிறேன்" என்று அவர் சொல்லலாம். அதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள். ஆஸ்துமா டாக்டர் எந்த நெட்வொர்க்கில் என்பது அங்கே உதவும், ஏனென்றால் விலையோடு தரத்தையும், எளிதில் கிடைப்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸுக்காக அவரிடம் கேட்பதற்கு மேல் வரம்பு ஒன்று உண்டு, பணம் தருகிறவரின் ஆண்டு வருமானத்தில் 9 சதவீதம். பல் இன்சூரன்ஸுக்குத் தனியாக 1.5 சதவீதம். அவர் சம்பளம் தெரியுமா?

காவிரி_ஃப்ரிஸ்கோ:

இரண்டு லட்சத்தை ஒட்டி.

கோப்புக்கட்டு:

அப்படியென்றால் 9 சதவீதம் வருடத்துக்கு 18,000. வரம்பெல்லாம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

இன்னொன்று. 1,840 என்பது 9,200-ல் 20 சதவீதம். சதவீதம் போடும் மாத நிகர வருமானத்துக்கு 2021-ல் அந்த 9,200-தான் உச்ச வரம்பு. 2025 செப்டம்பர் 1 முதல் அந்த வரம்பு 11,700. அதில் 20 சதவீதம் 2,340. பழைய உத்தரவு தானாக மாறாது. ஆனால் மூன்று வருடம் கடந்து, வழிகாட்டித் தொகைக்கும் உத்தரவுத் தொகைக்கும் 20 சதவீதமோ 100 டாலரோ வித்தியாசம் இருந்தால் மாற்றக் கேட்கலாம். வழிகாட்டிப்படி போட்ட உத்தரவாக இருக்க வேண்டும், இருவரும் பேசி வேறு தொகைக்கு ஒத்துக்கொண்டிருந்தால் இந்த வழி கிடையாது. 210-ஐ மிச்சம்பிடிக்க நினைக்கும் அந்த மனிதர், மாதம் 500 கூடும் கதவைத் தானே திறந்துவிடுகிறார். அவருடைய வக்கீல் இதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லியிருப்பார், வக்கீலிடம் போயிருந்தால்.

பே_ஏரியா_சுந்தரி:

கலிஃபோர்னியாவில் இப்படி டாலருக்கு டாலர் கேட்கும் பழக்கமே கொஞ்சம் வேறு. கட்டுகிற பெற்றோரின் நிகர வருமானத்தில் பிரீமியத்தைக் கழித்துவிட்டு அப்புறம் சூத்திரத்தில் போடுவார்கள். 210 கட்டினால் 210 திரும்பி வராது, ஒரு பகுதிதான் பிரதிபலிக்கும். புதுத் துணைவரின் வருமானம் இங்கேயும் அபூர்வமான நிலைமையில் தவிரக் கணக்கில் வராது, ஃபேமிலி கோட் 4057.5. அதனால் டெக்சாஸ் நண்பர்களிடம் கேட்டதை வைத்து இங்கே யாரும் கணக்குப் போடாதீர்கள். என் தங்கை போட்டு ஏமாந்தாள்.

பில்லிங்_மேசை:

பணச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நான் அட்லாண்டாவில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். மறுமணக் குடும்பங்களில் வாராவாரம் பார்ப்பது, பிள்ளைக்கு இரண்டு பிளான், இரண்டுமே "நீதான் முதலில் கட்ட வேண்டும்" என்று திருப்பி அனுப்பும்.

எல்லோருக்கும் தெரிந்தது பிறந்தநாள் விதி. வருடத்தில் எந்தப் பெற்றோரின் பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவர் பிளான் முதலில். அது சேர்ந்து வாழும் பெற்றோருக்கு. விவாகரத்தானவர்களுக்கு உத்தரவில் யார் பொறுப்பு என்று இருக்கிறதோ அவர் பிளான்தான் முதல். பொறுப்பானவருக்குப் பிளான் இல்லாமல் அவருடைய துணைவருக்கு இருந்தால் அந்தத் துணைவரின் பிளான் முதல். உத்தரவில் ஒன்றுமே இல்லையென்றால் வரிசை இப்படி: பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவர், அவருடைய துணைவர், பிறகு மற்றப் பெற்றோர், கடைசியில் அவருடைய துணைவர்.

காவிரி, உங்கள் விஷயத்தில் பொறுப்பு உங்கள் பேரில், பிளான் கணவர் பேரில். மகளின் அப்பா தன் பிளானிலும் அவளைச் சேர்த்து வைத்திருந்தால் இன்சூரன்ஸ்காரர்களிடம் இப்போதே சொல்லுங்கள். எமர்ஜென்சி பில் வந்தபிறகு உத்தரவின் நகலைத் தேடுவது பெரிய பாடு.

சுகுணா_மா:

இடையில் ஒரு கேள்வி. என் தோழிக்கு நேர்மாறு. இன்சூரன்ஸ் பொறுப்பு அப்பாவுடையது. அவர் மறுமணம் செய்ததும் புது மனைவியையும் அவள் பிள்ளைகளையும் சேர்த்துவிட்டு, சொந்தப் பையனை எடுத்துவிட்டார். கேட்டால் "ஓப்பன் என்ரோல்மென்ட் (வருடாந்தரச் சேர்க்கைக் காலம்) முடிந்துவிட்டது, அடுத்த வருடம்தான்" என்கிறாராம்.

கோப்புக்கட்டு:

அது சாக்கு. 1993-லிருந்து மத்தியச் சட்டம் தெளிவாக இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் சேர்க்கைக் காலம் என்ற காரணம் சொல்லி மறுக்க முடியாது. பிள்ளை அவரோடு வசிக்கவில்லை, வரிக் கணக்கில் அவர் காட்டவில்லை என்பதும் காரணமாகாது. மாநிலச் சைல்டு சப்போர்ட் அலுவலகத்திடம் 'நேஷனல் மெடிக்கல் சப்போர்ட் நோட்டீஸ்' அனுப்பச் சொல்லுங்கள். அது அவருக்குப் போகாது, அவர் கம்பெனிக்கே போகும். கம்பெனி 20 வேலை நாளுக்குள் பிளான் நிர்வாகிக்கு அனுப்ப வேண்டும், பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டும். அவருடைய சம்மதம் தேவையில்லை.

மயிலை_வக்கீல்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இந்தச் சதவீதப் பட்டியலைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இங்கே 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பிள்ளையின் மருத்துவச் செலவும் அதில் பார்க்கப்படும். ஆனால் தொகை நீதிபதியின் மதிப்பீடுதான். பிரீமியத்தை எதால் வகுப்பது என்று நாங்கள் சண்டை போட்டதே இல்லை.

சும்மா_வந்தவன்:

சார், இழை டெக்சாஸ் பற்றியது.

காவிரி_ஃப்ரிஸ்கோ:

பரவாயில்லை, இருக்கட்டும்.

நேற்று இரவு இதையெல்லாம் கணவரோடு பேசினேன். அவருக்கு இதில் சங்கடம். "அவளை என் மகளாக நினைத்துத்தான் பிளானில் போட்டேன், அதற்கு இன்னொருத்தனிடம் ரசீது நீட்டுவதா?" என்கிறார். எனக்கு அவர் மனசு புரிகிறது. ஆனால் அவர் வேலை மாறினாலோ, எங்களுக்குள்ளேயே ஏதாவது ஆனாலோ, மகளின் இன்சூரன்ஸுக்கு யார் பொறுப்பு என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது.

கேரிவாசி:

காவிரி, நான் எதிர்ப்பக்கத்து ஆள், இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் கணவரின் பெருந்தன்மை அவருடையது. அதைக் காட்டிப் பெற்ற தகப்பன் தன் பங்கைத் தவிர்ப்பது சரியில்லை. என் கோபம் எல்லாம் 320 மேல்தான். 160 கேட்டிருந்தால் நானாக இருந்தால் பேசாமல் அனுப்பியிருப்பேன். கோர்ட்டுக்கு முன்னால் அப்படி ஒரு தொகை பேசிப் பாருங்களேன்.

கோப்புக்கட்டு:

பேசலாம், தப்பில்லை. ஆனால் பேசி முடித்ததை மறுபடியும் ஜெல்லில் விடாதீர்கள். ஒத்துக்கொண்ட தொகையை ஒப்புதல் உத்தரவாக எழுதி நீதிபதி கையெழுத்து வாங்கி, சம்பளத்திலேயே பிடிக்க வையுங்கள். அதில் மூன்று வரி கட்டாயம் வேண்டும்: பிளான் மாற்றாந்தகப்பனின் வேலை வழியாக வருகிறது என்று, மகளின் பங்கை எந்தக் கணக்கால் எடுத்தோம் என்று, அந்தப் பிளான் நின்றுபோனால் அடுத்து யார் எடுக்க வேண்டும் என்று. இரண்டாவது வரி இல்லாமல் போட்டால் அடுத்த வருடம் பிரீமியம் ஏறும்போது இதே இழையை மறுபடி திறப்பீர்கள்.

நின்றுபோன மாதங்களின் 210 பாக்கியாகவே இருக்கிறது. புதுத் தொகை பேசும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

காவிரி_ஃப்ரிஸ்கோ:

அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். பழைய உத்தரவு, இரண்டு பிளானின் விலைப் பட்டியல், கணவரின் சம்பளச் சீட்டு, ஜெல் வரவு, அவர் போட்ட ஈமெயில். வேறு ஏதாவது?

பில்லிங்_மேசை:

மகளின் ஆஸ்துமா செலவில் இன்சூரன்ஸ் கட்டாமல் நீங்கள் கைக்காசு போட்ட ரசீதுகள். இன்ஹேலர், கோபே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு), டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) எல்லாம். அதற்கு உத்தரவில் தனிப் பங்கு இருக்கும், பலர் கேட்பதே இல்லை. பிளான் மாறியதால் டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும், தொகை சின்னதாக இருக்காது.

கோப்புக்கட்டு:

ஜனவரி விலைப் பட்டியல் வந்துவிட்டதா என்றும் எச்ஆரிடம் கேளுங்கள். 640-ஐ வைத்து எழுதி முடித்ததும் 690 ஆகிவிட்டால் மறுபடியும் மனுப் போட வேண்டியிருக்கும்.